வலிக்கு நான் சொன்ன எண்

இரண்டு கீமோவுக்கு நடுவில் கொஞ்சம் தெம்பு வரும் நாட்கள் உண்டு. அப்படி ஒரு நாளில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். சபையில் சிலர், “பிரதர், என்னதான் நடந்துச்சு, முழுசா சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாயால் சொன்னால் பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிடுவேன். பல வருடப் பழக்கம், லேசில் போகாது. எழுதினால் கொஞ்சம் அடங்கி இருப்பேன் என்று ஒரு நம்பிக்கை.

நான் மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோரில் இருக்கிறேன். லோரி உதிரிப்பாகக் கடையில் கவுண்டர் வேலை. ஈப்போவில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் கூடும் தமிழ்ச் சபையில் மூப்பர், அதாவது போதகருக்கு அடுத்தபடி பொறுப்பில் இருப்பவன். ஞானஸ்நானம் எடுத்த புதியவர்களுக்கு வகுப்பு எடுப்பது என் வேலை. விசுவாசத்தில் வளர்வது எப்படி, குழந்தை நிலை எது, முதிர்ந்த நிலை எது என்று வெள்ளைப் பலகையில் படி படியாகப் படம் போட்டு விளக்குவேன். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று என்னை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. மேல் படியில் நிற்பதாக நினைப்பு.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால், “ஸ்தோத்திரம், சுகமா இருக்கேன்” என்றுதான் பதில் வரவேண்டும். காய்ச்சல் கொதித்தாலும் அதே பதில்தான். நோயை வாயால் சொல்வது அதற்கு நாற்காலி போட்டு உட்காரவைப்பது மாதிரி; சுகம் என்று அறிக்கை செய்தால் சுகம் வரும். இதை எனக்கு யாரோ கற்றுக்கொடுத்தார்கள், நான் இன்னும் பலருக்குக் கற்றுக்கொடுத்தேன். ஆஸ்பத்திரிச் சந்திப்புக்குப் போகும்போதெல்லாம் கட்டிலில் கிடப்பவர்களிடம், “வலிக்குதுன்னு சொல்லாதீங்க, சுகம்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவேன்.

எனக்குத் தொடங்கியது களைப்பில். கடையில் ஏணி ஏறி மேல்தட்டுச் சாமானை எடுத்தால் மூச்சு வாங்கியது. வயசாகிறது என்றேன். “வயசாகுதுன்னு சொல்லலாமா? அதுவும் அறிக்கைதானே?” என்று கிரேஸ் கிண்டல் செய்தாள். கிரேஸ் என் மனைவி. கிண்டல் செய்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. என் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, “ஏங்க, ரத்தமே இல்ல, பேப்பர் மாதிரி இருக்கு” என்று கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. எங்கே போகிறது என்று தேட வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே காத்திருக்கும் கூடத்தில் ஏர்கோன் எலும்பைக் கடித்தது. பழகியவர்கள் சுவெட்டர் போட்டு வந்திருந்தார்கள். நான் வெள்ளைச் சட்டையில் நடுங்கிக்கொண்டு, யாராவது சபைக்காரர் கண்ணில் பட்டால் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். குடலைக் கழுவ ஒரு மருந்துத் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கச் சொன்னார்கள். மறுநாள் பின்வழியாக ஒரு கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்த்தார்கள். வலப்பக்கம் ஒரு கட்டி. அது கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தைக் கசியவிட்டதால்தான் அந்தக் களைப்பு.

சீன டாக்டர், இளவயது, மெதுவாகப் பேசுகிறவர். கான்சர் என்று அவர் சொன்னதும் கிரேஸ் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான், “பிரைஸ் த லார்ட்” என்றேன். டாக்டர் ஒரு கணம் விழித்தார். இந்த ஆள் நோயைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறானே என்று நினைத்திருப்பார். உண்மையில் பயத்தில் என் கை சந்திப்பு அட்டையைச் சுருட்டிக் கசக்கிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் பாஸ்டரும் சகோதரர்களும் வார்டுக்கு வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்ததும், யாரும் கேட்காமலே, நானாகச் சொன்னேன்: “இனிமே வலின்னு ஒரு வார்த்தை என் வாயில வராது.” எல்லோரும் ஆமென் என்றார்கள். பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

அடுத்த கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தார். பெயர் வேலாயுதம். பாகான் டத்தோ பக்கம் செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க்கான பழக்குலை வெட்டுகிறவர். பித்தப்பையில் சீழ் வைத்து, விலாவில் குழாய் போட்டிருந்தார்கள். இந்த மனிதருக்கு வாய் என்றால் அப்படி ஒரு வாய். திரும்பிப் படுத்தாலே, “அடோய்! மிஸி, தொலோங் லா!” என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி உதவிக்குக் கூப்பிடுவார். மிஸி என்றால் நர்ஸ், எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஒரே மூச்சில் முருகனைக் கூப்பிட்டு, அதே மூச்சில் கெட்ட வார்த்தையும் சொல்வார். ஒரு ஆண்பிள்ளை இப்படியா ஊரைக் கூட்டுவது என்று எனக்கு எரிச்சல். இவருக்கு ஆண்டவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

“அண்ணே, நாளைக்கு வெட்டறாங்களா? பயமா இருக்கா?” என்று கேட்டார்.

“எனக்கு என்ன பயம்? ஆண்டவர் இருக்காரு.”

“எனக்கும் முருகன் இருக்காரு. இருந்தாலும் பயமா இருக்கே” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். திரும்பியதும் ஒரு அடோய்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி இருந்த குடல் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த அடிக்கோல் வந்தது. மிஸி ஒவ்வொரு முறை ரத்த அழுத்தம் பார்க்க வரும்போதும் ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலையும் கொண்டுவருவார். ஒரு முனையில் சிரித்த முகம், மறுமுனையில் அழுத முகம், நடுவில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். “சாக்கிட் பெராபா, அங்கிள்?” வலி எத்தனை என்று கேள்வி. நாம் சொல்லும் எண்ணைக் குறித்துக்கொண்டு அதற்கேற்ற மருந்து கொடுப்பார்கள்.

நான், “கோசோங்” என்பேன். பூஜ்யம்.

முதலில் மருந்தின் தயவில் அது ஓரளவு உண்மையாகவும் இருந்தது. மருந்தைக் குறைத்த பிறகும் பூஜ்யம்தான். மலாய்க்கார மிஸி, சின்னப் பெண், “பகூஸ், அங்கிள் குவாட்!” என்று பாராட்டினாள். நல்லது, அங்கிள் பலசாலி என்று அர்த்தம். பக்கத்துக் கட்டிலில் அடிக்கோல் போனதும் வேலாயுதம், “ஒம்பது! எழுதிக்க மிஸி, ஒம்பதரை!” என்று கத்துவார். அவருக்கு ஊசி வரும். எனக்குப் பாராட்டு வரும்.

எல்லோரும் எனக்காக ஏதாவது செய்துகொண்டிருந்தார்கள். கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் ஷாரன் வார இறுதியில் பஸ் ஏறி வந்து, என் கால் நகங்களை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டாள். கிரேஸ் தினமும் செமோரிலிருந்து வடிகஞ்சியைச் சுடச்சுடக் கொண்டுவந்து ஊதி ஊதிக் கொடுத்தாள். அந்தக் கஞ்சி உள்ளே போகாமல் நின்ற அன்றுதான் எனக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வயிறு கல்லாகி இருந்தது. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி முதுகு வரை போயிற்று. லேசான காய்ச்சல். நாடி வேகமாக அடிக்கிறது என்று ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டாக்டர் வந்து வயிற்றில் கைவைத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். “ஓகே, டாக்டர்.” இது விசுவாசத்துக்கு வரும் சோதனை, இதில் வாய் திறந்தால் தோற்றேன் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

மத்தியானம், பார்வையாளர் நேரம். கிரேஸ் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மிஸி அடிக்கோலோடு வந்தாள்.

“கோசோங்” என்றேன். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

“மிஸி, டியா போஹோங்!” என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு கத்தல். இவர் பொய் சொல்கிறார் என்று என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு, வேலாயுதம் என் பக்கம் திரும்பினார். “அண்ணே, காலையிலருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். கட்டில் கம்பியப் புடிச்சு கையெல்லாம் வெளுத்துப்போச்சு. யாருக்காக இப்படி தாஹான் பண்றீங்க, பல்லக் கடிச்சுப் பொறுத்துக்கிட்டு?”

“தம்பி, நீங்க உங்க வேலையப் பாருங்க.”

“இங்க எனக்கு என்னா வேலை இருக்கு, பாக்கறதுக்கு? அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க லா. இவருக்கு வலிக்குதா இல்லியா?”

கிரேஸ் என்னைப் பார்த்தாள். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “சுகமாத்தான் இருக்காரு” என்றாள்.

வேலாயுதம் விடவில்லை. விலாவில் தொங்கிய குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கி நின்று, டாக்டர், டாக்டர் என்று கூப்பாடு போட்டார். அவரை அடக்க வந்த டாக்டர்தான் என் முகத்தைப் பார்த்தார். வயிற்றை மெதுவாக அழுத்தி, சட்டென்று கையை எடுத்தார். நான் அலறிய அலறலில் வார்டே திரும்பிப் பார்த்தது. “அம்மா!” என்றுதான் அலறினேன். இயேசுவே என்றுகூட வாயில் வரவில்லை.

தைத்த இடம் விட்டுப்போயிருந்தது. குடலில் இருக்க வேண்டியது வயிற்றுக்குள் கசிந்து, உள்ளே எல்லாம் சீழாகிவிட்டது. உடனே மறுபடியும் வெட்டினார்கள். நான் பிழைப்பேனா என்று கிரேஸிடம் உறுதியாகச் சொல்லவில்லையாம். இதெல்லாம் அவள் எனக்குப் பிறகு சொன்னது.

தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கண் விழித்தபோது தொண்டையில் மூச்சுக்குழாய் இருந்தது. பேச முடியாது, விழுங்க முடியாது. வலியை மருந்து பார்த்துக்கொண்டது. தாகத்தை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. உதடு வெடித்து, நாக்கு அட்டை மாதிரி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் யாரோ ஒரு மிஸி போத்தலிலிருந்து தண்ணீர் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைத் தவிர எனக்கு இந்த உலகத்தில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. மகள் நினைவுகூட வரவில்லை.

எங்கள் சபையில் பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவையில் ஆண்டவர் பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். தாகத்தைச் சொல்லும் ஐந்தாவது வார்த்தை எப்போதும் எனக்கு. ஒவ்வொரு வருடமும் அடித்துப் பேசுவேன்: இது தண்ணீர்த் தாகம் அல்ல, ஆத்துமாக்களுக்கான தாகம், தேவகுமாரன் போயும் போயும் தண்ணீருக்காகவா வாய் திறப்பார்? எல்லோரும் ஆமென் என்பார்கள். கண்ணைத் துடைப்பவர்களும் உண்டு.

ஒரு மிஸி வந்து, குச்சியின் நுனியிலிருந்த ஈரப் பஞ்சால் என் உதட்டைத் தடவினாள். அப்போது எனக்குப் புரிந்தது. அது தண்ணீர்த் தாகம்தான். வெயிலில், ரத்தம் போய், நாக்கு ஒட்டிக்கொண்ட ஒரு மனிதன் தண்ணீர் கேட்டார். அதுவும் தம்மை அறைந்தவர்கள் காதில் விழும்படி கேட்டார். முதிர்ந்த விசுவாசி எதையும் கேட்கமாட்டான் என்று நான் பலகையில் படம் போட்டேனே, அந்தப் படத்தில் ஆண்டவரையே எந்தப் படியில் வைப்பது? எனக்கு அழுகை வந்தது. குழாய் இருந்ததால் அதையும் ஒழுங்காக அழ முடியவில்லை.

எனக்கு வலிக்கிறது, தாகமாக இருக்கிறது, சாகப் பயமாக இருக்கிறது என்று உள்ளுக்குள் சொன்னேன். அதற்கு முன்னும் பின்னும் எதுவும் சேர்க்கவில்லை. பிறந்த குழந்தை முதல் நாளே செய்துவிடுகிற காரியம் இது. எனக்கு இத்தனை வயதாயிற்று. பதில் எதுவும் வரவில்லை. சமாதானம் வெள்ளமாகப் பாய்ந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் பாயவில்லை. தாகம் அப்படியே இருந்தது. யாரிடமோ சொல்லியாயிற்று என்பது மட்டும் இருந்தது.

வார்டுக்குத் திரும்பியபோது வேலாயுதத்தின் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். குழாயைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அவருக்கு ஒரு நன்றிகூட நான் சொல்லவில்லை. பாகான் டத்தோவில் எந்தத் தோட்டம் என்றுகூடக் கேட்டு வைக்கவில்லை.

என் வயிற்றின் வலப்பக்கம் குடலின் ஒரு முனையை வெளியே எடுத்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டியிருந்தார்கள். மலம் அதில்தான் விழும். பிறகு ஒரு காலத்தில் உள்ளே வைத்து மூடலாம், உறுதி இல்லை. பூஜ்யம் என்று ஏன் சொன்னீர்கள் என்று சீன டாக்டர் கேட்டார். திட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முன்கூட்டியே தெரிந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காதோ என்று நான் திருப்பிக் கேட்டேன். “இருக்கலாம், அங்கிள்” என்றார். கூடவே பரிசோதனை முடிவையும் சொன்னார். கட்டிக்குப் பக்கத்து நெறிகட்டிகளிலும் நோய் இருக்கிறது. அதற்குத்தான் இப்போது கீமோ, நரம்பு வழியாக ஏற்றும் மருந்து. முழுதாகப் போகுமா என்று கேட்டேன். முயற்சி செய்வோம் என்றார்.

பாஸ்டர் வந்தார். நல்ல மனிதர், என்னைவிட வயதில் சின்னவர். “பிரதர், மரணத்திலருந்து தூக்கி எடுத்திருக்காரு. வீட்டுக்கு வந்ததும் சபையில சாட்சி சொல்லணும்” என்றார்.

“என்னன்னு சொல்றது, பாஸ்டர்?”

“சுகமாயிட்டேன்னு.”

“ஆகலையே, பாஸ்டர். வலிக்குது.”

அவர் என் போர்வையைச் சரிசெய்தார். பிறகு, “எங்க?” என்று கேட்டார். காட்டினேன். அன்று அவர் செய்த ஜெபம் மிகவும் சின்னது.

வீட்டுக்கு வந்தேன். முதல் நாட்களில் பையை மாற்றுவது கிரேஸ்தான். நாற்றத்துக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், அவள் திருப்பமாட்டாள். ஒரு சாயங்காலம் வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தவள் வாசற்படியில் நின்றுவிட்டாள். ஒரு கை நெஞ்சில் இருந்தது. மூக்கின் மேல் வியர்வை.

“என்ன?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. ஸ்தோத்திரம்.”

நான் வேகமாக நடக்க முடியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் போய், கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தேன். “கிரேஸ், எங்க வலிக்குது?”

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். பிறகு, “சபைப் படி ஏறும்போது நெஞ்சப் பிசையும். கையில இறங்கும். பாதிப் படியில நின்னு, கண்ணாடியத் தேடற மாதிரி கைப்பையத் துழாவிக்கிட்டு இருப்பேன். சரியானதும் ஏறுவேன்” என்றாள்.

“எவ்வளவு நாளா?”

“ஒரு வருஷம் இருக்கும்.”

“ஏன் சொல்லல?”

“மூப்பர் பெண்டாட்டி நானு. எந்த வாயால சொல்றது?” கோபமாகச் சொல்லவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் மாதிரிச் சொன்னாள்.

பழக்கதோஷம், என் கை தானாக அவள் தலைமேல் வைக்க எழுந்துவிட்டது. வாயும் திறந்துவிட்டது. அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். “ஜெபம் அப்புறம் பண்ணலாங்க. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

பக்கத்து வீட்டுக்காரர் காரில் கொண்டுபோய் விட்டார். அவசரப் பிரிவில் அவள் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். தமிழ்ப் பெண் டாக்டர் ஒருவர், தூக்கமில்லாத கண்களோடு, திரையை இழுத்து மூடிவிட்டுக் கேட்டார்: “ஆன்ட்டி, இப்போ வலி இருக்கா?”

கிரேஸ் டாக்டருக்குப் பதில் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. முப்பது வருடக் குடும்ப வாழ்க்கை முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது. என் வயிற்றுக் காயம் எதுவும் அப்படி வலித்ததில்லை.

தலையை ஆட்டி அனுமதி கொடுக்கவும் எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் பார்வையிலிருந்து விலகி, திரைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். உள்ளே டாக்டர் மறுபடியும் அதையே கேட்டார். பிறகு என் மனைவியின் குரல் கேட்டது.

“வலிக்குது, டாக்டர். ரொம்ப வலிக்குது.”